புரோசசருக்குப் பாரமில்லாத கோப்புப் பகிர்வு: எந்த மென்பொருள், எந்தக் கணினியில்?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இதே சிக்கலில் இருக்கும் வேறு சிலருக்கும் இந்தப் பதில் உதவும். பினாங்கு ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் உங்கள் போட்டோ ஸ்டூடியோவில் மூன்று கணினிகள். இரண்டு மேசைக் கணினிகளில் இருப்பது 2012இல் வந்த கோர் ஐ3-3220 புரோசசர். மூன்றாவது, செலரான் என்3350 புரோசசர் கொண்ட மடிக்கணினி. தைப்பூசத்தன்று தண்ணீர்மலையில் எடுத்த 2,400 படங்களை ஏற்றியதிலிருந்து காற்றாடி ஓயாமல் இரைகிறது. படம் திருத்தும் மென்பொருள் நின்று நின்று நகர்கிறது. மூன்று கணினிகளிலும், கணினிகளுக்கு இடையே கோப்புறைகளை ஒன்றுபோல வைத்திருக்கும் சின்க்திங், ஒரு கிளவுட் சேமிப்பு மென்பொருள், கோப்புகளைத் துண்டு துண்டாகப் பலரோடு பகிரும், ஜாவாவில் எழுதப்பட்ட பழைய டோரண்ட் மென்பொருள் ஆகியவை எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கின்றன. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் உங்கள் அண்ணனுக்கும் படங்கள் போய்ச்சேர வேண்டும். இவற்றையெல்லாம் எடுத்துவிட்டு, புரோசசரை வதைக்காத ஒரே ஒரு இலேசான மென்பொருளைப் போட வேண்டும், எது என்று கேட்கிறீர்கள்.

ஒரு பெயரைச் சொல்லி முடித்துக்கொள்ள என்னால் முடியும். ஆனால் அப்படிப் பெயர் மட்டும் வாங்கிப் போனவர்கள் அதை நான்காவதாக நிறுவிவிட்டு மறு மாதம் திரும்பி வந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கோப்பை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்புவதே புரோசசருக்குப் பெரிய வேலை அல்ல. அனுப்புவதைச் சுற்றி நடக்கும் வேலைகள்தான் அதைத் தின்கின்றன. அந்த வேலைகளில் எதை நிறுத்தலாம், நிறுத்த முடியாததை எந்தக் கணினிக்கு மாற்றலாம் என்பதை முதலில் பார்ப்போம். மென்பொருளின் பெயர் தானாக வந்துவிடும்.

டாஸ்க் மேனேஜரைத் திறந்து, சிபியு என்ற தலைப்பைச் சொடுக்கி, அதிகம் தின்பது மேலே வரும்படி வரிசைப்படுத்துங்கள். ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். ஐ3-3220இல் இரண்டு கோர்கள், அதாவது கணக்கிடும் பகுதிகள்; ஒவ்வொன்றும் இரண்டு இழைகளை, அதாவது ஒரே நேரத்தில் இரண்டு வேலைத் தொடர்களைத் தாங்கும், ஆக நான்கு. எனவே ஒரு மென்பொருள் 25 சதவீதம் காட்டினால் அது நான்கில் ஒன்றை முழுவதுமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். 25 என்பது சிறிய எண்ணாகத் தெரியும். ஆனால் படம் திருத்தும் மென்பொருளின் பல வேலைகள் ஒரே இழையில் ஓடுபவை. அதே கோரில் இன்னொருவர் குடியேறியிருந்தால் உங்கள் சுட்டி தடுமாறத்தான் செய்யும். பக்கத்திலேயே டிஸ்க் என்ற பத்தி இருக்கிறது. அது 100 சதவீதத்தில் நின்று சிபியு 30இல் இருந்தால் குற்றவாளி புரோசசர் அல்ல, சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க். அந்த நிலையில் எந்த மென்பொருளை மாற்றினாலும் பயன் இல்லை. சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி டிஸ்க் ஒன்றை வாங்கிப் பொருத்துவதுதான் வழி.

நீங்கள் அனுப்பியிருந்த ஸ்கிரீன்ஷாட்டில் முதல் இடத்தில் இருந்தது சின்க்திங் அல்ல என்பதைக் கவனித்தீர்களா? ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிகியூட்டபிள் என்று ஒரு பெயர் இருந்தது. விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் என்ற வைரஸ் தடுப்பு மென்பொருள் அதுதான். இந்த இடம் முக்கியமானது என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

கேமராவின் அட்டையிலிருந்து 25 மெகாபைட் படம் ஒன்று உங்கள் கோப்புறைக்குள் வந்து விழுகிறது. உடனே டிஃபெண்டர் அதைத் திறந்து பார்க்கிறது. சின்க்திங் அதைத் துண்டு துண்டாகப் படித்து, ஒவ்வொரு துண்டுக்கும் எஸ்எச்ஏ-256 என்ற கணக்கைப் போட்டு ஒரு கைரேகை எடுக்கிறது, அதாவது துண்டு மாறியதா என்று ஒப்பிட உதவும் ஒரு குறியீட்டை உருவாக்குகிறது. கிளவுட் மென்பொருளும் அதே கோப்புறையைக் கண்காணிப்பதால் அது தன் பங்குக்கு இன்னொரு கைரேகை எடுக்கிறது. விண்டோஸின் தேடல் அட்டவணை நான்காவதாக வந்து கோப்பின் விவரங்களைக் குறித்துக்கொள்கிறது. ஒரே படத்தை நான்கு பேர் படிக்கிறார்கள். அடுத்த கணினியில் சின்க்திங் அதே படத்தைத் தற்காலிகக் கோப்பாக எழுதத் தொடங்குகிறது. அங்கேயும் கிளவுட் மென்பொருள் விழித்துக்கொள்கிறது, டிஃபெண்டர் விழித்துக்கொள்கிறது. எழுதி முடித்துப் பெயர் மாற்றியதும் மறுபடியும் ஒரு சுற்று. 2,400 படங்கள், மொத்தம் 60 ஜிகாபைட், மூன்று கணினிகள். எந்த மென்பொருளும் தனியாகப் பார்த்தால் தவறு செய்யவில்லை. எல்லோரையும் ஒரே கோப்புறையில் உட்கார வைத்ததுதான் தவறு.

ஆகவே முதல் விதி: ஒரு கோப்புறைக்கு ஒரே ஒரு காவலாளி. சின்க்திங் பார்க்கும் இடத்தைக் கிளவுட் மென்பொருள் பார்க்கக்கூடாது. இன்றே செய்யக்கூடியது இது, காசு செலவில்லை. தேடல் அட்டவணையிலிருந்தும் படக் கோப்புறையை நீக்கிவிடுங்கள். டிஃபெண்டரை மட்டும் அணைக்காதீர்கள். கேமராவிலிருந்து வரும் படங்கள் மட்டுமே விழும் கோப்புறை ஒன்றுக்கு விலக்கு கொடுக்கலாம். வாடிக்கையாளர் கொண்டுவரும் பென்டிரைவ் நேரடியாக அந்தக் கோப்புறையில் கொட்டப்படுமானால் அந்த விலக்கையும் கொடுக்க வேண்டாம். திருமண வீட்டுப் படங்களை இழப்பதைவிடக் காற்றாடி இரைவது மேல்.

அடுத்தது புரோசசரைப் பற்றிய செய்தி. பலரும் கேட்டு வியந்தது. உங்கள் மூன்றில் பலவீனமானது மடிக்கணினி என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். படம் திருத்துவதற்கு அது உண்மை. கோப்புப் பகிர்வுக்கு அது உண்மை அல்ல. மறையாக்கம் செய்வதற்கென்று, அதாவது பிறர் படிக்க முடியாதபடி கோப்பை மாற்றுவதற்கென்று, ஏஇஎஸ் எனப்படும் தனிக் கட்டளைகளை இன்டெல் 2010இலேயே புரோசசர்களில் சேர்க்கத் தொடங்கியது. ஆனால் மேசைக் கணினிக்கான ஐ3 வரிசைக்கு அவை நான்காம் தலைமுறையில்தான் கிடைத்தன. உங்களுடையது மூன்றாம் தலைமுறை. சின்க்திங் எப்போதும் மறையாக்கம் செய்துதான் அனுப்பும், ஒரே அறைக்குள் இருந்தாலும் செய்யும், அணைக்க வழியில்லை. ஆக உங்கள் மேசைக் கணினிகள் அந்த வேலையைச் சாதாரணக் கட்டளைகளால் மூச்சுவாங்கச் செய்கின்றன. 2016இல் வந்த என்3350இலோ ஏஇஎஸ் கட்டளைகளும் உண்டு, எஸ்எச்ஏ கைரேகையை நேரடியாகக் கணக்கிடும் கட்டளைகளும் உண்டு. அந்த எஸ்எச்ஏ கட்டளைகள் விலை உயர்ந்த கோர் வரிசைக்கே 2019 வாக்கில்தான் வந்து சேர்ந்தன. ஒரே தொழிற்சாலைக் குடும்பத்தின் கடைக்குட்டிக்கு, அண்ணன்மாருக்கு முன்பே கிடைத்த சொத்து அது.

(இன்டெல் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையை 1972இல் நம் பினாங்கில்தான் தொடங்கியது. பாயான் லெப்பாஸ் பக்கம் வேலைக்குப் போய்க் குடும்பத்தைக் கரையேற்றிய அக்காமார் நம் ஒவ்வொரு தெருவிலும் இருந்தார்கள். புரோசசர் என்பது நமக்கு எங்கோ தூரத்துப் பொருள் அல்ல. அதனால்தான் பத்து வருடப் பழைய ஒன்றைக் குப்பையில் போடச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.)

இப்போது திட்டத்தைச் சொல்கிறேன். மடிக்கணினியைப் படம் திருத்தும் வேலையிலிருந்து விடுவியுங்கள். அதைக் கடையின் கிடங்காக ஆக்குங்கள். யூஎஸ்பி 3 வழியாக ஒரு பெரிய வெளி டிஸ்க்கைப் பொருத்தி, எல்லாப் படங்களையும் அங்கே வையுங்கள். சின்க்திங், டோரண்ட், கிளவுட் நகல் எல்லாம் அந்த ஒரு கணினியில் மட்டும் ஓடட்டும். மேசைக் கணினிகள் இரண்டிலும் இவற்றில் ஒன்றுகூட இருக்க வேண்டாம். அவை விண்டோஸிலேயே உள்ள கோப்புப் பகிர்வு வழியாக, அதாவது எஸ்எம்பி வழியாக, மடிக்கணினியின் டிஸ்க்கைத் திறந்து வேலை செய்யட்டும்.

நீங்கள் தேடிய இலேசான மென்பொருள் இதுதான்: நிறுவத் தேவையே இல்லாத எஸ்எம்பி. கேட்டபோது கோப்பைக் கொடுக்கும். கேட்காதபோது சும்மா இருக்கும். கைரேகை எடுக்காது. கோப்புறையை மணிக்கொரு முறை சுற்றி வராது. நீங்களாகக் கேட்டாலன்றிப் பெரும்பாலும் மறையாக்கமும் செய்யாது. கடைக்குள் கேபிளில் ஓடும் இணைப்புக்கு அது போதும். கடவுச்சொல் இல்லாத விருந்தினர் கணக்கை மட்டும் திறந்து வைக்காதீர்கள். பழைய கருவி ஒன்றுக்காக முதல் பதிப்பு எஸ்எம்பியை யாராவது இயக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

மடிக்கணினியில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போடச் சொல்வேன். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. உங்கள் மூன்று புரோசசர்களில் எதையும் விண்டோஸ் 11 முறைப்படி ஏற்றுக்கொள்ளாது. இணையத்தைப் பார்த்து நிற்கும் கணினியாவது புதுப்பிப்பு கிடைக்கும் ஒன்றாக இருக்கட்டும். லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் போதும், வரைகலைத் திரைகூட வேண்டாம். அதில் எஸ்எம்பி பேசும் மென்பொருளின் பெயர் சம்பா. ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்ற ஆஸ்திரேலியர் 1992இல் தொடங்கியது. கோப்பின் மாறிய பகுதியை மட்டும் நகலெடுக்கும் ஆர்சின்க்கை பால் மெக்கராஸுடன் சேர்ந்து 1996இல் வெளியிட்டவரும் அவரே. உலகம் இன்றுவரை நகலெடுக்கும் இரண்டு வழிகளை ஒரே மனிதர் தொடக்கி வைத்திருக்கிறார்.

மடிக்கணினியை இரவு பகலாக மின்சாரத்தில் வைப்பதால் ஒரு கவலை உண்டு: நம் ஊர் வெக்கையில் பேட்டரி உப்பிவிடும். 80 சதவீதத்தோடு மின்னேற்றத்தை நிறுத்தும் வசதி இருந்தால் இயக்குங்கள். இல்லையென்றால் மாதம் ஒரு முறை அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். மேசையில் வைத்தால் ஆடுகிறது என்றால் உடனே மாற்றுங்கள். நல்ல பேட்டரி இருந்தால் அதில் ஒரு நன்மையும் உண்டு. இடி மழையில் மின்சாரம் போனாலும் மடிக்கணினி சட்டென்று அணைந்துவிடாது.

கேபிள் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். நொடிக்கு 100 மெகாபிட் இணைப்பில் அதிகபட்சம் 12.5 மெகாபைட் போகும். 60 ஜிகாபைட்டுக்கு 80 நிமிடம். ஜிகாபிட் இணைப்பில், உங்கள் டிஸ்க் எவ்வளவு வேகமாகப் படிக்கிறதோ அவ்வளவு வேகத்தில் போகும். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் முடியலாம். அந்தப் பத்து நிமிடம் புரோசசர் அதிகமாக வேலை செய்வது போல எண் காட்டும். பயப்படாதீர்கள். மொத்த வேலை அதேதான். ஒரு மணி நேரத்துக்கு மேல் உங்களைத் தொல்லைப்படுத்தியது ஒரு தேநீர் குடிக்கும் நேரத்தில் முடிந்துவிடுகிறது. ஜிகாபிட் கருவி வாங்கியும் 100 என்றே காட்டினால் கேபிளைச் சந்தேகியுங்கள். உள்ளே இருக்கும் நான்கு ஜோடிக் கம்பிகளில் ஒன்று அறுந்தாலே வேகம் 100க்கு இறங்கிவிடலாம். கடையில் எலி இருந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது.

மேசைக் கணினியிலிருந்து கிடங்குக்கு மொத்தமாக அனுப்ப, கட்டளை வரியில் ஓடும் ரோபோகாப்பியைப் பயன்படுத்துங்கள். அதுவும் விண்டோஸிலேயே இருக்கிறது. அது கைரேகை எடுப்பதில்லை. கோப்பின் அளவும் தேதியும் ஒன்றாக இருந்தால் தாண்டிப் போய்விடும். மாறிய பத்துப் படங்களை 2,400க்குள் கண்டுபிடிக்க அதற்குச் சில நொடிகள் போதும். எம்டி (/MT) என்ற விருப்பத்தை எண் கொடுக்காமல் எழுதினால் எட்டு இழைகளில் ஓடத் தொடங்கும். உங்கள் கணினிக்கு 2 என்று கொடுங்கள். எம்ஐஆர் (/MIR) என்ற விருப்பத்தை மட்டும் தொடாதீர்கள். மூலத்தில் இல்லாததைச் சேருமிடத்திலும் அழித்துவிடும். தவறான கோப்புறையைக் காட்டினால் ஒரு திருமணமே காணாமல் போகும்.

அனுப்புவதற்கு முன் எல்லாவற்றையும் ஜிப் செய்கிறோம் என்று எழுதியிருந்தீர்கள். நிறுத்துங்கள். ஜேபெக் படமும் எம்பி4 வீடியோவும் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. அவற்றை மறுபடி சுருக்கினால் நூற்றில் ஒன்றோ இரண்டோ குறையும். அதற்காகப் புரோசசர் முழு வேகத்தில் ஓடியிருக்கும். பல கோப்புகளை ஒரே பொட்டலமாக்குவதுதான் நோக்கம் என்றால், சுருக்காமல் சேமிக்கும் ஸ்டோர் என்ற தேர்வு பல ஜிப் மென்பொருள்களில் இருக்கிறது.

இனி சின்க்திங். அதை நான் குறை சொல்லவில்லை. 2013இல் வெளிவந்த நாள் தொட்டுக் கூடவே வைத்திருப்பவன் நான். யாருடைய சேவையகத்திலும் நம் கோப்பு தங்காமல் இரண்டு ஊர்களை இணைக்க அதைவிட நம்பகமான இலவச வழியை நான் பார்த்ததில்லை. ஜார்ஜ்டவுனுக்கும் பிரிக்ஃபீல்ட்ஸுக்கும் இடையே அது இருக்கட்டும். இருக்கும் இடம்தான் மாறுகிறது. ஏஇஎஸ், எஸ்எச்ஏ கட்டளைகள் உள்ள மடிக்கணினியில் அது ஓடும்போது அதே வேலை இலேசாகிவிடும்.

அங்கும் சில அமைப்புகளை மாற்ற வேண்டும். அதன் நிர்வாகப் பக்கத்தை உலாவியில் திறந்தே வைத்திருக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அந்தப் பக்கம் திறந்திருக்கும்வரை அது ஒவ்வொரு கோப்பின் முன்னேற்றத்தையும் கணக்கிட்டுக் காட்டிக்கொண்டே இருக்கும், மூடிவிடுங்கள். மேம்பட்ட அமைப்பில் முன்னேற்றம் காட்டும் இடைவெளியை -1 என்று வைத்தால் அந்தக் கணக்கையே விட்டுவிடும். ஒரே நேரத்தில் எத்தனை கோப்புறைகளை ஆராயலாம் என்ற எண்ணை 1 ஆக்குங்கள். மறு ஆய்வு இடைவெளி இயல்பாக 3,600 நொடி, அதாவது ஒரு மணி நேரம். மாற்றங்களை உடனுக்குடன் கவனிக்கும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால் மணிக்கொரு ஆய்வு தேவையில்லை. 86,400 என்று கொடுத்து நாளுக்கு ஒரு முறை ஆக்கிவிடலாம். சுருக்கம் என்ற தேர்வைப் படங்களுக்கு முழுமையாக அணைத்துவிடுங்கள். காரணம் மேலே சொன்னதுதான்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய லாபம் எதை அனுப்பாமல் இருப்பது என்பதில் இருக்கிறது. படம் திருத்த நீங்கள் லைட்ரூம் பயன்படுத்துகிறீர்கள். அதன் அட்டவணைக் கோப்பு ஒரு தரவுத்தளம். நீங்கள் ஒரு படத்துக்கு நட்சத்திரம் போட்டாலும் அது மாறுகிறது. பக்கத்திலேயே முன்னோட்டப் படங்களுக்கான கோப்புறை. அதில் ஆயிரக்கணக்கான சின்னஞ்சிறு கோப்புகள். நீங்கள் வேலை செய்யும்போதெல்லாம் சின்க்திங் அவற்றைத் துரத்திக்கொண்டே இருந்திருக்கிறது. காற்றாடி நீங்கள் திருத்தும்போது மட்டும் அதிகமாக இரைந்ததற்கு இதுவே பெருங்காரணம் என்று உறுதியாக நம்புகிறேன். புறக்கணிக்க வேண்டியவை என்ற பட்டியலில் இரண்டையும் சேருங்கள். புரோசசர் மட்டுமல்ல காரணம்: திறந்திருக்கும் தரவுத்தளத்தை நகலெடுத்தால் பாதி எழுதிய நிலையில் அது அண்ணனிடம் போய்ச் சேரும், இரண்டு பக்கமும் திறந்தால் கெட்டே போகும். லைட்ரூமை மூடிய பிறகு அது எடுக்கும் காப்பு நகலை வேண்டுமானால் அனுப்புங்கள்.

இன்னொன்றும் உண்டு. மாற்றங்களைத் தானாக எக்ஸ்எம்பியில் எழுது என்ற தேர்வை இயக்கியிருக்கிறீர்களா பாருங்கள். கேமராவின் மூலக் கோப்பானால் அந்த விவரம் பக்கத்தில் ஒரு குட்டிக் கோப்பாக எழுதப்படும். ஜேபெக் ஆனால் படத்துக்குள்ளேயே எழுதப்படும். நூறு படங்களுக்கு ஒரு குறிச்சொல் சேர்த்தால் நூறு படங்களும் மாறியவையாகக் கருதப்பட்டு முழுவதுமாகக் கைரேகை எடுக்கப்படும். அணைத்துவிடுங்கள்.

கிளவுட் நகலுக்கு அந்த நிறுவனத்தின் மென்பொருள் நாள் முழுதும் திறந்திருக்க வேண்டியதில்லை. ஆர்குளோன் என்று ஒன்று இருக்கிறது. திரை இல்லை, கட்டளை வரியில் ஓடும். பெரும்பாலான கிளவுட் சேவைகளோடு பேசும். அதுவும் இயல்பாக அளவையும் தேதியையும் மட்டுமே ஒப்பிடும். கடை பூட்டிய பிறகு இரவு 11 மணிக்கு மடிக்கணினியில் தானாக ஓடி முடித்துப் படுத்துவிடும்படி அமைத்துக்கொள்ளலாம்.

டோரண்ட் பக்கம் வருவோம். பழைய கணினிகளைத் தமிழ்ப்பள்ளிகளுக்குச் சீர்செய்து தரும் நண்பர்களுக்காக லினக்ஸ் நிறுவல் கோப்புகளைத் தொடர்ந்து பகிர்கிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். நல்ல காரியம், நிறுத்தாதீர்கள். பிராம் கோஹன் 2001இல் வெளியிட்ட இந்த முறையில், பதிவிறக்கும்போதுதான் ஒவ்வொரு துண்டுக்கும் கைரேகை சரிபார்க்கப்படும். பிறருக்குக் கொடுக்கும்போது டிஸ்க்கிலிருந்து எடுத்து அனுப்புவது மட்டுமே வேலை. எனவே கொடுத்துக்கொண்டு மட்டும் இருக்கும் மென்பொருள் புரோசசரைத் தின்கிறது என்றால், அது தின்பது வரைபடங்களும் பட்டியல்களும் நிறைந்த தன் திரைக்காகவும் நூற்றுக்கணக்கான இணைப்புகளுக்காகவும்தான்.

மடிக்கணினியில் டிரான்ஸ்மிஷன் என்ற டோரண்ட் மென்பொருளைத் திரையில்லாத வடிவில் போடுங்கள். மேசைக் கணினியின் உலாவியிலிருந்தே இயக்கலாம். 2023 பிப்ரவரியில் வந்த 4.0 பதிப்பிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். 25,000 டோரண்டுகளோடு 24 மணி நேரம் ஓட்டிப் பார்த்ததில் முந்தைய 3.00ஐவிடப் புரோசசர் சுழற்சி பாதியாகக் குறைந்ததாக அதை எழுதியவர்கள் தெரிவித்திருக்கிறார்கள். இயல்பாக மொத்தம் 200 இணைப்புகளும் ஒரு டோரண்டுக்கு 50ம் அனுமதிக்கும். 80, 20 என்று குறைத்தால் உங்கள் வேலைக்குத் தாராளம். விண்டோஸில்தான் வேண்டும் என்றால் கியூபிட்டோரண்ட், விளம்பரம் கிடையாது. அதன் மொத்த இணைப்பு வரம்பு இயல்பாக 500; அதை 100 ஆக்குங்கள். இணைப்பு முறையில் டிசிபி மட்டும் என்று தேர்ந்தெடுத்தால் புரோசசர் இன்னும் கொஞ்சம் ஓய்வு பெறும். யூடிபி என்ற மற்ற முறை, வீட்டில் வேறு யாராவது இணையத்தைப் பயன்படுத்தினால் தானே ஒதுங்கி வழிவிடும் நல்ல குணம் கொண்டது. ஆனால் அந்த நிதானத்துக்கான கணக்கையெல்லாம் மென்பொருளே போட வேண்டியிருக்கிறது.

யூடோரண்ட் இலேசானது என்று நண்பர் சொன்னாராம். 2005இல் லுட்விக் ஸ்ட்ரிகியஸ் அதை எழுதிய காலத்துக்கு நண்பர் சொன்னது சரி. ஒரு மெகாபைட்டுக்கும் குறைவான அளவில் அத்தனை வேலையும் செய்தது. 2006இல் கை மாறியது. 2015இல் அதன் நிறுவலோடு சேர்ந்து பயனரின் புரோசசரைக் கொண்டு மின்நாணயம் ஈட்டும் மென்பொருள் வந்தது பெரிய சர்ச்சையானது. புரோசசர் பாரத்தைக் குறைக்க நினைப்பவர் அந்தப் பழைய நல்ல பெயரை மட்டும் நம்பிப் போக வேண்டாம்.

கைப்பேசியிலிருந்து அவ்வப்போது ஐந்தாறு படங்களைக் கணினிக்கு மாற்ற லோக்கல்சென்ட் என்ற சிறு மென்பொருள் போதும். வேலை முடிந்ததும் மூடிவிடுங்கள், அவ்வளவுதான்.

இதற்குப் பிறகும் மேசைக் கணினி இரைந்தால் பெட்டியைத் திறந்து பாருங்கள். லெபோ பாசார் பக்கம் கடை வைத்திருப்பவர்களின் கணினிகளைத் திறக்கும்போதெல்லாம் சாம்பிராணிப் புகையும் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து காற்றாடியின் மேல் கம்பளி போலப் படிந்திருப்பதைப் பார்க்கிறேன். வெப்பம் வெளியேறாவிட்டால் புரோசசர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். குறைந்த வேகத்தில் அதே வேலையைச் செய்ய அதிக சதவீதம் காட்டும். மென்பொருளைத் திட்டிக்கொண்டிருப்போம், குற்றம் காய்ந்துபோன வெப்பப் பசையில் இருக்கும். பசையை மாற்றித் தூசி தட்ட அரை மணி நேரம் போதும்.

கடைசியாக, அண்ணனுக்கு அனுப்ப வேண்டிய பழைய ஆண்டுகளின் படங்கள், மொத்தம் 800 ஜிகாபைட். உங்கள் இணைப்பின் மேலேற்ற வேகம் நொடிக்கு 50 மெகாபிட். இடைவிடாமல் ஓடினாலும் ஏறக்குறைய 36 மணி நேரம். அத்தனை நேரமும் மறையாக்கம், அத்தனை நேரமும் இரண்டு பக்கமும் டிஸ்க் சுழலும். அண்ணன் தைப்பூசத்துக்கு வந்தவர் இன்னும் பினாங்கில்தான் இருக்கிறார் என்றீர்களே. ஒரு வெளி டிஸ்க்கில் நகலெடுத்து அவர் பையில் வைத்து அனுப்புங்கள். பட்டர்வொர்த்தில் இடிஎஸ் ரயில் ஏறினால் நான்கு மணி நேரத்தில் கேஎல் சென்ட்ரல்; அங்கிருந்து அவர் வீட்டுக்கு நடந்தே போய்விடலாம். அவர் கணினியில் அந்தக் கோப்புறையை வைத்த பிறகு சின்க்திங்கில் சேர்க்கச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் ஒரு முறை கைரேகை எடுத்து, எல்லாம் ஒன்றுதான் என்று கண்டுகொண்டு, ஒரு படத்தைக்கூட அனுப்பாமல் முடித்துக்கொள்ளும். அந்த முதல் ஆய்வு மட்டும் நேரம் எடுக்கும். கடை பூட்டும்போது தொடங்கிவிட்டுப் போங்கள்.